அளவு நோட்டில் எனக்கு ஒரு பக்கம்

புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்தபோது எனக்கு 49 வயது. அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்தே எடுத்தார்கள். புதுச்சேரியில் அறுவை சிகிச்சை. ஐந்தாம் நாள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவர் தையல்காரர். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றுதான் எல்லாக் கணவர்களும் சொல்வார்கள். எதைப் பார்ப்பது என்று பாவம் அவர்களுக்குத் தெரியாது. இன்ன வேலை உங்களுடையது என்று நீங்களே பிரித்துக் கொடுங்கள்.

முதலில் டிரெயின் குழாய். அறுத்த இடத்தில் ஊறும் நீர் அதன் வழியாக ஒரு டப்பாவில் சேரும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தினமும் அதே நேரத்தில் அளந்து எழுத வேண்டும். காலி செய்த டப்பாவை அழுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகே மூட வேண்டும். அந்த உறிஞ்சல் இல்லையென்றால் நீர் உள்ளேயே தங்கிவிடும். இவர் தன் கடை அளவு நோட்டில் எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். 130, 115, 90 என்று இறங்கி வந்தது. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே, தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எனக்கு 13ஆம் நாள் எடுத்தார்கள். சிவப்பாக வரும் நீர் போகப் போக வைக்கோல் நிறமாக வேண்டும். திடீரென்று பழையபடி ரத்தமாக வந்தாலோ, 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் அடித்தாலோ, தையலைச் சுற்றிச் சிவந்து சூடாக இருந்தாலோ அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.

ஒருநாள் குழாய் குளியலறைத் தாழ்ப்பாளில் மாட்டி இழுத்துவிட்டது. உயிர் போய் வந்தது. அன்று இரவே அவர் மிஷினில் உட்கார்ந்து, டப்பா மட்டும் கொள்ளும் அளவுக்கு ஒரு துணிப்பை தைத்து, கழுத்தில் மாட்ட நாடா வைத்தார். என் நைட்டிகளின் முன்பக்கத்தைப் பிரித்துப் பிரஸ் பட்டன் வைத்துக் கொடுத்தார். தலைவழியாகப் போடும் உடை எதுவும் அப்போது உதவாது.

கட்டைப் பிரித்த நாளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். அவரை வெளியே நிற்கச் சொல்லிவிடலாம் என்றே நினைத்திருந்தேன். செவிலியர், "அவரும் பார்க்கட்டும் அம்மா, வீட்டில் அவர்தானே பார்க்க வேண்டும்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் குனிந்து, துணியைப் பார்ப்பதுபோல ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நிதானமாகப் பார்த்தார். "சுத்தமான தையல். எங்கேயும் சுருக்கம் இல்லை. நீயும் பார்" என்றார். அதன் பிறகுதான் கண்ணைத் திறந்தேன். தனியாகக் கண்ணாடி முன்னால் நின்று முதல்முறை பார்க்காதீர்கள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது பாருங்கள்.

அவரிடம் ஒன்றை மட்டும் பறித்துக்கொண்டேன். தலை வாரிவிடுவது, தம்ளரை எடுத்துக் கொடுப்பது என்று என் இடது கைக்கு வேலையே வைக்காமல் இருந்தார். அன்புதான், ஆனால் தோள் இறுகிவிடும். விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவுகளை அறுவை சிகிச்சைக்கு மறுநாளே தொடங்கச் சொன்னார்கள். குழாயை எடுத்த பிறகு, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறும் பயிற்சி. இழுக்கிற வரை போகலாம். வலியை மீறிப் போகக் கூடாது. அவர் தன் துணிச் சுண்ணாம்பால் நான் தொட்ட இடத்தில் தினமும் கோடு போடுவார். கோடு நகராத நாட்களும் உண்டு.

மீன் தின்றால் சீழ் பிடிக்கும் என்று உறவினர்கள் பத்தியம் சொன்னார்கள். மருத்துவரோ புண் ஆறப் புரதம் வேண்டும் என்றார். இவர் முதுநகர் போய்ச் சங்கரா வாங்கி வந்து குழம்பு வைத்தார். பேச்சு அதோடு நின்றது.

அறுவை செய்த பக்கத்துக் கையில் ஊசி, ரத்தம் எடுப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது எதுவும் வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் சொல்லிவிடுங்கள்; நீங்கள் மறந்தால் அவர் சொல்லட்டும். இறுக்கமான வளையல்களை மறு கைக்கு மாற்றுங்கள். அக்குளிலும் மேல்கையின் உட்புறத்திலும் மரத்துப்போயிருக்கும், சூடு தெரியாது. அங்கே வெந்நீர்ப் பை வைக்காதீர்கள்.

நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை வீங்கலாம், ஆண்டுகள் கழித்தும் வரலாம். அதனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு வருவார். மணிக்கட்டில் ஒன்று, முழங்கைக்கு நான்கு விரல் கீழே ஒன்று, மேலே ஒன்று, இரண்டு கைகளிலும். 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். அதற்கு முன்பே மோதிரமோ ரவிக்கைக் கையோ பிடித்தாலும் போக வேண்டும். இந்த மாதம் மேல்கை வலது 28, இடது 28.5. யாரோ ஒருவருடைய சட்டை அளவுக்குக் கீழே எழுதியிருக்கிறார்.