கடைசி இருபது ரூபாயை எங்கே போடுவது? வீட்டுச் செலவுக்கு ஒரு பொருளியல் டீச்சரின் கணக்கு

மதுரையில் 26 வருஷம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளியல் நடத்தினேன். ஒவ்வொரு வருஷமும் 'சம இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' (கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரித்துச் செலவழித்தால் நிறைவு அதிகம் என்று சொல்லும் விதி) பாடம் வரும்போது ஆப்பிள், ஆரஞ்சு என்று கட்டம் போட்டு மார்க் வாங்க வைத்துவிடுவேன். ஓய்வு பெற்று, சம்பளம் பென்ஷனாகச் சுருங்கிய பிறகுதான் அந்தக் கட்டத்தை என் அடுப்படிக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் நான், அத்தை, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மகன். இருக்கிற பணத்தில் மூன்று பேருக்கும் கூடுதல் நிறைவு கிடைப்பதற்கு நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில், பேரம் பேச முடியாத பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். வாடகை, சிலிண்டர், சீட்டு, அத்தையின் பிரஷர் மாத்திரை. மாத்திரையில் ஒன்றைக் குறைத்துப் பழம் வாங்குவது கணக்கே ஆகாது. ஆனால் அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளலாம். ரேஷன் துவரம் பருப்பும் பாமாயிலும் இதே வகைதான். பருப்பு கிலோ 30 ரூபாய், எண்ணெய் லிட்டர் 25 ரூபாய். சாம்பாரில் அந்தப் பருப்புக்கும் கடைப் பருப்புக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பயன் குறையாமல் விலை மட்டும் குறையும் இடங்களை முதலில் முடித்துவிட்டால், மிஞ்சுகிற பணம்தான் நாம் உண்மையிலேயே யோசித்துப் பிரிக்க வேண்டிய பணம்.

அந்தப் பணத்தை எப்படிப் பிரிப்பது? கடையில் நின்று 'இது மலிவா?' என்று கேட்பதை விட்டுவிடுங்கள். 'அடுத்த இருபது ரூபாய் இதில் போனால் என்ன கிடைக்கும், அதில் போனால் என்ன கிடைக்கும்?' என்று கேளுங்கள். பிரஷ்ய (இன்றைய ஜெர்மனிப் பகுதி) அரசாங்கத்தில் அதிகாரியாக இருந்த கோசன் என்பவர் 1854-இல் எழுதிய புத்தகத்தின் சாரம் இதுதான். ஒரு பொருளை மேலும் மேலும் எடுக்கும்போது அடுத்ததில் கிடைக்கும் நிறைவு குறைந்துகொண்டே போகும் என்பது அவருடைய முதல் விதி. எல்லாப் பொருளிலும் கடைசி ரூபாய் ஒரே அளவு நிறைவைத் தரும்படி செலவைப் பிரித்தால் மொத்த நிறைவு உச்சத்தில் இருக்கும் என்பது இரண்டாம் விதி. அவர் காலத்தில் அந்தப் புத்தகத்தை வாங்க ஆளில்லை. விற்காத பிரதிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு 1858-இல் அவர் இறந்துபோனார். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

சரி, என் வீட்டுக் கணக்கு நோட்டுக்கு வருவோம். பால், காய், பழம் மூன்றுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இருபது இருபதாக ஐந்து துண்டு போடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் வீட்டில் எவ்வளவு நிறைவு என்று மார்க் போட வேண்டும். எங்கள் வீட்டு மார்க் இப்படி வந்தது. பாலுக்கு முதல் இருபது ரூபாய் 50 மார்க், ஏனென்றால் காலைக் காபி அதில்தான் இருக்கிறது. இரண்டாவது 30, மூன்றாவது வெறும் 10. காய்க்கு 45, அடுத்து 35, அடுத்து 20. பழத்துக்கு 25, அடுத்து 12.

அதுவரை நான் பாலுக்கு 60, காய்க்கு 40 என்று போட்டுக்கொண்டிருந்தேன். பழம் 'ஆடம்பரம்' என்று என் மனதில் பதிந்திருந்தது. கூட்டிப் பார்த்தால் 170 மார்க். மூன்றாவது பால் துண்டை நிறுத்தி, அந்த இருபது ரூபாய்க்கு வாழைப்பழம் வாங்கினால் 10 போய் 25 வரும். மொத்தம் 185. ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகவில்லை. மாலையில் யாரும் குடிக்காமல் ஆறிப்போய், மறுநாள் தயிராக உறை ஊற்றிய பால்தான் பழமாக மாறியது.

இதற்கு மேல் எந்த இருபது ரூபாயை நகர்த்தினாலும் நஷ்டம்தான். பழத்தில் இருந்து எடுத்துக் காயில் போட்டால் 25 போய் 20 வரும். அப்படி ஒரு இடம் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். கடைசித் துண்டுகளின் மார்க் புத்தகத்தில் வருகிற மாதிரி கச்சிதமாகச் சமமாகாது. பால் பாக்கெட்டாகவும் காய் கால் கிலோவாகவும்தான் வாங்க முடியும். பக்கத்தில் வந்தால் போதும்.

மார்க் போடுவது எல்லோருக்கும் சரிப்படாது. அத்தையிடம் நோட்டை நீட்டியபோது, "இதுக்கெல்லாம் நம்பர் போட எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டார். அப்புறம், "அத்தை, சாயங்காலம் ரெண்டு வாழைப்பழம் வேணுமா, இன்னொரு டம்ளர் பால் வேணுமா?" என்று கேட்டேன். உடனே, "பழம்தான்" என்றார். அது போதும். நிறைவை எண்ணால் அளக்க வேண்டியதில்லை, எது முன், எது பின் என்று வரிசைப்படுத்தினாலே போதும் என்று ஹிக்ஸ், ஆலன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1934-இல் காட்டினார்கள். சமநோக்கு வளைகோடுகளை (ஒரே அளவு நிறைவு தரும் பொருள் கலவைகளை இணைக்கும் கோடுகள்) போர்டில் வரைந்து நான் மணிக்கணக்காக விளக்கியதை அத்தை ஒரே சொல்லில் முடித்துவிட்டார். உங்கள் வீட்டிலும் 'எவ்வளவு பிடிக்கும்?' என்று கேட்காதீர்கள். 'இதுவா, அதுவா?' என்று கேளுங்கள்.

விலை மாறும்போது இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது தெருவில் பாதிப் பேர் தக்காளியையே நிறுத்திவிட்டார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. ரசத்துக்குப் போகும் முதல் தக்காளியின் மதிப்பு வேறு, சட்னிக்குப் போகும் நான்காவது தக்காளியின் மதிப்பு வேறு. நான்காவதையும் மூன்றாவதையும் நிறுத்தினேன். குழம்புக்குப் புளியைக் கொஞ்சம் கூட்டினேன். சட்னி தேங்காய்க்கும் கொத்தமல்லிக்கும் மாறியது. ரசத்தில் மட்டும் தினம் ஒரு தக்காளி விழுந்தது. விலை ஏறினால் ஒரு பொருளை முழுசாக விலக்குவது பெரும்பாலும் தவறு. கடைசித் துண்டில் இருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டு வாருங்கள்.

மொத்தமாக வாங்கினால் லாபம் என்று சொல்வார்கள். ஒருமுறை ஒரு பெரிய கடையில் சலுகை விலைக்கு ஐந்து கிலோ பாசிப்பருப்பு வாங்கிவந்தேன். கிலோவுக்குப் பத்து ரூபாய் மிச்சம். மூன்றாவது மாதம் வண்டு விழுந்து ஒன்றரைக் கிலோ போனது. வண்டு விழாவிட்டாலும், டப்பா நிறைந்திருக்கும்போது கை தாராளமாகிவிடுகிறது. ஒரு கைப்பிடி போடும் இடத்தில் ஒன்றரைக் கைப்பிடி விழும். சோப்பு, உப்பு போல கெடாத, அளவும் மாறாத சாமானை மட்டும் மொத்தமாக வாங்குகிறேன்.

கரண்ட் பில்லில் இதே கணக்கு வேறு முகம் காட்டும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால், முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை பாதிக் கட்டணம். 500-ஐத் தாண்டினால் அந்தப் பாதிக் கட்டணச் சலுகை போய்விடும். 501-ஆவது யூனிட்டுக்கு அதன் விலையோடு, இழந்த நூறு யூனிட்டின் சலுகையும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் எந்த ஒரு யூனிட்டும் இவ்வளவு விலை பெறாது. கோடையில் வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் எழுதுகிறேன். 450-ஐத் தொட்டுவிட்டால், ரீடிங் எடுக்கும் நாள் வரை ஏசி இரவு இரண்டு மணி நேரம் மட்டும், பிறகு ஃபேன். தூக்கம் பிடித்த பிறகு ஓடும் ஏசிக்குத்தான் எங்கள் வீட்டில் மார்க் மிகக் குறைவு.

நேரத்தையும் உடம்பையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரை அண்ணாநகர் உழவர் சந்தை, 1999-இல் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்தது, எனக்குப் பிரியமான இடம். விலைப் பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் போக வரக் காசு செலவில்லை. ஆனால் முழங்கால் வலிக்கும். ஒரு கட்டுக் கீரைக்காகப் போனால் நஷ்டம். வாரத்துக்கு இரண்டு நாள் போய் மூன்று நான்கு நாள் காயைச் சேர்த்து வாங்குகிறேன். நடுவில் தேவைப்படும் கீரையை வாசலில் வரும் தள்ளுவண்டியில் இரண்டு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று, நோட்டில் உங்கள் பெயருக்கும் ஒரு பத்தி போடுங்கள். என் அம்மா ஐந்து பேர் குடும்பத்தைக் குறைந்த வருமானத்தில் அருமையாக நடத்தினாள். அவள் கணக்கில் எல்லோருடைய விருப்பமும் இருந்தது, அவளுடையது மட்டும் இல்லை. அவளுக்கு என்ன பலகாரம் பிடிக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்க அவள் இல்லை. வீட்டுச் செலவைப் பார்ப்பவர் தன் மார்க்கைப் போடாமல் விட்டால் கூட்டல் தப்பாகத்தான் வரும்.

என் பத்தியில் ஒரு முழம் மல்லி இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும். அதற்கு நான் யோசிக்காமல் 40 மார்க் போட்டேன், மகனும் சரி என்றான். பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து பூ விலை எங்கேயோ போய்விடும். அப்போது அரை முழமாக்கிக்கொள்கிறேன். தை முடிந்து விலை இறங்கும் வாரம், அத்தைக்கும் சேர்த்து ஒன்றரை முழம் வாங்குவேன்.