மெல்போர்னிலிருந்து பொன்வயல் சிற்றூர்களுக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மெல்போர்னில் இருக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் பல்லாரட்டின் சாவரின் ஹில்லுக்கு ஒருமுறையாவது பிள்ளைகளோடு போய்வந்திருப்பார்கள். நல்ல இடம்தான். ஆனால் அது பார்வையாளர்களுக்காக 1970-இல் திறக்கப்பட்ட ஊர். அதற்கு வடக்கே, காரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள், பொன்வேட்டையின்போது உருவாகி, பொன் தீர்ந்த பிறகும் கலையாமல் நிற்கும் சிற்றூர்கள் உண்டு. பொன்னுக்காக வந்தவர்கள் போன பிறகு யார் தங்கினார்கள், எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதைத்தான் அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கான வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

1851 ஜூலையில் கிளூன்ஸ் அருகே ஜேம்ஸ் எஸ்மண்ட் பொன் கண்டெடுத்த செய்தி வெளியானது. அடுத்த மாதமே பல்லாரட்டிலும், அந்த ஆண்டு முடிவதற்குள் காசில்மேன், பெண்டிகோ பக்கமும் பொன் கிடைத்தது. கூட்டம் திரண்டது. மண்ணைத் தோண்ட மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம். பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டியாக வேண்டும். அதை மூன்று பவுண்டாக, அதாவது இரட்டிப்பாக உயர்த்தப்போவதாக அரசு அறிவித்ததும், 1851 டிசம்பர் 15 அன்று காசில்மேனை அடுத்த சியூட்டனில் சுமார் 15,000 பேர் கூடி எதிர்த்தார்கள். அரசு பின்வாங்கியது. பல்லாரட்டில் பொன் தோண்டியவர்கள் அரசுப் படையோடு மோதிய யுரேகா மோதல் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மூன்று ஆண்டு முன்பே நடந்த இந்தக் கூட்டம் பலருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மண்ணில் பெரும்பகுதி பூர்வகுடிகளான ஜா ஜா வுரங் மக்களுடையது. பொன்னுக்காகப் புரட்டிப் போடப்பட்ட தங்கள் நிலத்தைத் ‘தலைகீழான நாடு’ என்று அவர்கள் சொல்கிறார்கள். காசில்மேன் காட்டுக்குள் நடந்தால் அதன் பொருள் உடனே புரியும். மேல்மண் அடியிலும் அடிமண் மேலுமாக, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும்.

படி 2: இரண்டு ஊர் போதும்

ஒரே நாளில் ஆறு ஊர் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். முதல் பயணத்துக்கு நான் சொல்லும் ஜோடி காசில்மேனும் மால்டனும். நடுவில் 18 கிலோமீட்டர்தான். மால்டனில் இரண்டாயிரத்துக்கும் குறைவானவர்களே வசிக்கிறார்கள். 1966-இல் ஆஸ்திரேலிய தேசிய அறக்கட்டளை ‘குறிப்பிடத்தக்க ஊர்’ என்று முதன்முதலில் அறிவித்தது இந்த ஊரைத்தான். தாழ்வாரம் வைத்த பழைய கடைகள் வரிசை குலையாமல் இருக்கின்றன.

புத்தகப் பிரியர்களுக்குக் கிளூன்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே பெரிய சுரங்கங்கள் மூடிவிட்டன. ஊர்க்காரர்கள் 2007 முதல் புத்தகத் திருவிழா நடத்தி, பழைய கட்டடங்களில் புத்தகக் கடைகளைக் கொண்டுவந்தார்கள். தங்களிடம் மிஞ்சியிருந்த காலிக் கட்டடங்களையே முதலாக்கிய அந்த யோசனையை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

படி 3: நாளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

இதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். எங்கள் முதல் பயணம் ஒரு செவ்வாய்க்கிழமை. போன ஊரில் பேக்கரி மூடியிருந்தது, அருங்காட்சியகம் மூடியிருந்தது, பப்பில் சமையல் இல்லை. காரில் இருந்த பிஸ்கட்டையும் வாழைப்பழத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சமாளித்தோம். சிற்றூர்களில் திங்களும் செவ்வாயும் பல கடைகள் திறப்பதில்லை. அருங்காட்சியகங்களை நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள், அதுவும் ஓய்வுபெற்ற பெரியவர்கள். பல இடங்களில் வார இறுதியில் சில மணி நேரம்தான் கதவு திறக்கும். ஆகவே சனி, ஞாயிறு போங்கள், முந்தைய நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள். டால்பட் என்ற சிற்றூரில் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு உழவர் சந்தை கூடும். அந்த நாளாகப் பார்த்துப் போனால் அக்கம்பக்கத்து விவசாயிகளையும் ஒரே தெருவில் பார்த்துவிடலாம்.

பருவத்தைப் பொறுத்தவரை ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்லது. கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் முழுத் தீத்தடை நாள் அறிவித்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தீ எச்சரிக்கைகளைத் தரும் விக்எமர்ஜென்சி செயலி போனில் இருக்கட்டும்.

படி 4: ரயிலா, காரா?

கார் இல்லாவிட்டாலும் போகலாம். சதர்ன் கிராஸிலிருந்து பெண்டிகோ செல்லும் வி/லைன் ரயில் காசில்மேனில் நிற்கும்; சுமார் ஒன்றரை மணி நேரம். 2023 மார்ச் முதல் மாநிலம் முழுக்க ஒருநாள் கட்டணத்துக்கு உச்சவரம்பு வந்துவிட்டதால் செலவும் குறைவு. காசில்மேனிலிருந்து மால்டனுக்குத் தன்னார்வலர்கள் இயக்கும் நீராவி ரயில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஓடுகிறது. நாள் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். கிளூன்ஸுக்கும் ரயில் உண்டு, ஆனால் நாளுக்குச் சில வண்டிகளே. திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

படி 5: ஊருக்குள் போனதும்

முதலில் பேக்கரிக்கோ பொதுக்கடைக்கோ போய் ஏதாவது வாங்குங்கள். வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது நம் வழக்கம், எனக்கும் பிடிக்கும். ஆனால் டீயும் ‘பை’ (pie) பலகாரமுமாவது அங்கே வாங்குங்கள். அந்தக் கடை ஓடினால்தான் அந்த ஊரில் ஒரு கடை இருக்கும். அப்புறம் கடை வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். கால்பந்து, நெட்பால், தீயணைப்புப் படைக்கு ஆள் தேவை, மண்டபக் கூரைக்கு நிதி என ஊரின் இன்றைய கவலைகள் எல்லாம் அங்கே ஒட்டியிருக்கும்.

தெருவில் எதிர்ப்படுகிறவர்களுக்கு வணக்கம் சொல்லுங்கள். கிராமச் சாலையில் எதிரே வரும் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார், நீங்களும் உயர்த்துங்கள். அருங்காட்சியகத்தில் ‘கோல்டு காயின்’ நன்கொடை கேட்டால் பொன் நிறத்தில் இருக்கும் ஒரு டாலர் அல்லது இரண்டு டாலர் நாணயம் என்று பொருள். சில்லறையைக் கையோடு கொண்டுபோங்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் “உங்கள் குடும்பம் இங்கே எப்போது வந்தது?” என்று கேளுங்கள். எழுதிவைத்த பலகைகள் சொல்லாததை அவர் சொல்வார். வீடுகளைப் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். அழகாக இருந்தாலும் அது ஒருவர் குடியிருக்கும் வீடு.

படி 6: பென்னிவெயிட் ஃபிளாட்டுக்குப் போங்கள்

காசில்மேனை ஒட்டி ஒரு சின்ன மேடு. பென்னிவெயிட் என்பது பொன் நிறுக்கும் சிறிய எடை, ஒன்றரை கிராம் சொச்சம். பொன் அவ்வளவு அற்பமாகக் கிடைத்த நிலம் என்பதால் அந்தப் பெயர். தோண்டிப் பயனில்லாத அந்த மண்ணைத்தான் இடுகாட்டுக்கு விட்டார்கள். 1852 முதல் 1857 வரை சுமார் 200 பேர் புதைக்கப்பட்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். ஓடைகளைச் சுரங்க வேலை சேறாக்கிவிட்ட காலம்; அசுத்தமான தண்ணீரும் வயிற்றுப்போக்கும் கூடாரங்களில் பிள்ளைகளைக் கொண்டுபோயின. பெயர் பொறித்த கல் மிகச் சில. மற்றவை கற்களை அடுக்கிய சின்னஞ்சிறு செவ்வகங்கள். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளை இறக்கிவிட மனம் வராமல் தூக்கிக்கொண்டே நடந்தேன்.

நேரம் இருந்தால் வான் என்ற சிற்றூருக்கு அருகே உள்ள சீனர் இடுகாட்டையும் பாருங்கள். 1855-இல் விக்டோரியா துறைமுகங்களில் இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி விதித்தார்கள். அதைத் தவிர்க்கப் பலர் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறையில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே வந்தார்கள். வேறொரு நாட்டிலிருந்து வந்து இங்கே பிழைக்கும் நாம் அந்தக் கல்லறைகளுக்கு முன் சற்று நேரம் நிற்பது நியாயம்.

படி 7: காட்டுக்குள் கவனம்

பழைய சுரங்கக் குழிகள் பல மூடப்படாமல் கிடக்கின்றன. சில புதருக்கு அடியில் மறைந்திருக்கும். குறித்த பாதையை விட்டு விலகாதீர்கள், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். வெயில் காலத்தில் பாம்பு உண்டு, மூடிய காலணி அவசியம்.

பொன் தேட ஆசையா? ‘மைனர்ஸ் ரைட்’ உரிமம் வேண்டும். சிறு கட்டணம், 10 ஆண்டு செல்லும். பொன் அலசும் தட்டு, கைக்கருவி, மெட்டல் டிடெக்டர் போன்றவை சரி. காசில்மேன் பாரம்பரியப் பூங்காவில் அனுமதித்த பகுதிகளில் மட்டும். தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள். பழைய சுவர்களிலோ பொருட்களிலோ கை வைக்காதீர்கள்.

படி 8: இரண்டாம் பயணத்துக்கு மோலியாகுல்

மெல்போர்னிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். 1869 பிப்ரவரி 5 அன்று ஜான் டீசன் இங்கே ஒரு மரத்தின் வேரடியில், நிலமட்டத்துக்குச் சற்றே கீழே, சுமார் 72 கிலோ பொன் கொண்ட கட்டியைக் கண்டார். ரிச்சர்ட் ஓட்ஸ் அவருடைய கூட்டாளி. ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ என்று பெயரிடப்பட்ட அந்தக் கட்டியை நிறுக்க, பக்கத்து ஊரான டனோலியில் தராசு போதவில்லை. கொல்லனின் பட்டடைக் கல்லில் வைத்து உடைத்துத்தான் நிறுத்தார்கள். இடத்தில் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. சுற்றிலும் காடும் அமைதியும்தான்.

டீசன் பிறகு மோலியாகுலில் கடை வைத்தார். சுரங்கங்களில் போட்ட முதலீட்டில் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தார். கடைசியில் அதே ஊருக்கு அருகே சிறு பண்ணை வாங்கி, 1915-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

மோலியாகுல் போனால் மாலை நான்கு மணிக்குள் கிளம்புங்கள், அல்லது டனோலியிலோ மேரிபரோவிலோ இரவு தங்குங்கள். பொழுது சாய்ந்ததும் கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடும். பல இடங்களில் போன் சிக்னலும் கிடைக்காது.