மிளகு எந்த அடுக்கில் அழிந்தது? பேரழிவைப் படிக்கப் பழகும் ஒரு வீட்டுச் சோதனை

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் மறைந்த அதே காலத்தில் கடலில் அம்மோனைட்களும் (சுருள் ஓடு கொண்ட, கணவாய்க்கு உறவான கடல் உயிர்கள்) மறைந்தன. ஆனால் பாறையில் அடுக்கடுக்காகத் தேடிக்கொண்டு மேலே வந்தால், எல்லா இனங்களும் ஒரே கோட்டில் முடிவதில்லை. அந்தப் பேரழிவைக் குறிக்கும் எல்லைக்கோட்டுக்கு வெகு கீழேயே சில நின்றுவிடும், சில அதை ஒட்டி வந்து நிற்கும். "அப்படியானால் மெல்ல மெல்லத்தான் அழிந்திருக்கின்றன" என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அவசரப்படக் கூடாது என்று 1982-இல் பிலிப் சிக்னர், ஜெரி லிப்ஸ் என்ற புதைபடிவ ஆய்வாளர்கள் இருவரும் எச்சரித்தார்கள். நமக்குக் கிடைத்த கடைசிப் புதைபடிவம், அந்த இனத்தின் கடைசி உயிராக இருப்பது மிக அரிது. இனம் எவ்வளவு அரிதோ, அவ்வளவு சீக்கிரம் அது மறைந்துவிட்டதுபோல் தெரியும்.

இது புதுச்சேரி, கடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு எங்கோ நடந்த கதை இல்லை. வானூர், வழுதாவூர் சுற்றுவட்டாரத்தில் டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்துக் கடலின் படிவுகள் இருக்கின்றன. புதுச்சேரியிலும் விருத்தாசலத்திலும் கிடைத்த சிப்பிகளையும் அம்மோனைட்களையும் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கையியலாளர் 1846-லேயே விவரித்திருக்கிறார்.

தேவையானவை

இந்தச் சோதனையில் ஒவ்வொரு மணியும் ஓர் உயிர், ஒவ்வொரு வகை மணியும் ஓர் இனம், ஒவ்வொரு முறை அள்ளுவதும் ஒரு பாறை அடுக்கு. பச்சைப் பயறு 500, தோல் நீக்கிய முழு வெள்ளை உளுந்து 300, கொள்ளு 150, சோளம் 30, முழுத் துவரை 15, மிளகு 5. மொத்தம் 1000 மணிகள், 6 இனங்கள். கூடவே ஒரு அகலமான பாத்திரம், டீஸ்பூன், தட்டு, ஒரு பழைய விசிட்டிங் கார்டு, கட்டம் போட்ட தாள்.

பயறையும் உளுந்தையும் ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். நூறு எண்ணி ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, அது நிற்கும் மட்டத்தில் கோடு போட்டு அளந்துகொள்ளலாம். அதில் பத்து இருபது கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை. சோளம், துவரை, மிளகு மூன்றையும் மட்டும் சரியாக எண்ணுங்கள், சோதனையே அவற்றை வைத்துத்தான். மொச்சை, கொண்டைக்கடலை வேண்டாம். பெரிய மணிகள் குலுங்கக் குலுங்க மேலே வந்துவிடும், கணக்குக் கெட்டுப்போகும்.

செய்முறை

1. தாளில் கீழிருந்து மேலாக 1 முதல் 10 வரை அடுக்குகள் எழுதுங்கள். 1 பழையது, 10 புதியது. குறுக்கே ஆறு இனங்களுக்கும் ஒவ்வொரு பத்தி.

2. பாத்திரத்தைக் குலுக்காமல், கையை அடிவரை விட்டுப் புரட்டிக் கலக்குங்கள். நடுவிலிருந்து ஒரு ஸ்பூன் அள்ளித் தட்டில் கொட்டுங்கள்.

3. கார்டின் விளிம்பால் மணிகளை வரிசையாக்கி, ஒரு முனையிலிருந்து 40 மட்டும் எண்ணிப் பிரியுங்கள். இந்த இடத்தில்தான் பலருக்கும் தவறு நேரும். வெள்ளை உளுந்துக்கு நடுவே கறுப்பு மிளகு பளிச்சென்று தெரிவதால் கை தானாக அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாற்பத்தொன்றாவதாக மிளகு நின்றால் அது கணக்கில் இல்லை.

4. அந்த 40-இல் இருக்கும் இனங்களுக்கு முதல் அடுக்கில் புள்ளி வையுங்கள். எத்தனை என்பது வேண்டாம், இருக்கிறதா இல்லையா என்பது போதும்.

5. எல்லா மணிகளையும் திருப்பிப் போட்டுக் கலக்குங்கள். போடாமல் விட்டால், கையில் வந்த மிளகு அடுத்த அடுக்குகளில் வர வழியே இல்லை, நீங்களே அதை அழித்ததாகிவிடும். இப்படிப் பத்து அடுக்கு வரை செய்யுங்கள்.

6. ஒவ்வொரு இனத்துக்கும் முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் கோட்டால் இணையுங்கள்.

பத்தாவது அடுக்கு முடிந்ததும் ஆறு இனமும் ஒரே நேரத்தில் அழிந்ததாக வைத்துக்கொள்வோம். அதுவரை பாத்திரத்தில் எதுவுமே குறையவில்லை. இப்போது தாளைப் பாருங்கள். பயறு, உளுந்து, கொள்ளு மூன்றும் பெரும்பாலும் உச்சிவரை வந்திருக்கும். சோளம் பத்தாவது அடுக்கில் தென்பட 100-க்கு 71 வாய்ப்பு, துவரைக்கு 46, மிளகுக்கு வெறும் 18. கடைசி மூன்று அடுக்கிலும் மிளகே தென்படாமல் போக 100-க்கு 54 வாய்ப்பு. சுமார் எட்டுப் பேரில் ஒருவருக்குப் பத்து அடுக்கிலும் மிளகு கிடைக்காது, அவர் தாளில் அப்படி ஓர் இனம் இருந்ததற்கே சுவடு இருக்காது.

மறைந்த வரிசையைக் கவனியுங்கள்: அரிதானது முதலில், மலிந்தது கடைசியில். நிஜப் பாறையிலும் மறைவு இதே வரிசையில் இருந்தால் "படிப்படியான அழிவு" என்ற பேச்சைச் சந்தேகியுங்கள். அரிதானதும் மலிந்ததும் கலந்து மறைந்திருந்தால், அல்லது மலிந்த இனமே முதலில் போயிருந்தால், அங்கே உண்மையிலேயே ஏதோ நடந்திருக்கிறது.

எவ்வளவு தூரம் நீட்டலாம்?

கடைசிப் புள்ளிக்குப் பிறகும் இனம் வாழ்ந்திருக்கலாம் என்றால், அதன் கோட்டை எவ்வளவு மேலே நீட்டுவது? இதற்கு ஸ்ட்ராஸ், சாட்லர் என்பவர்கள் 1989-இல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஓர் இனம் எத்தனை அடுக்குகளில் கிடைத்தது என்று எண்ணுங்கள். 3 என்றால், 95 சதவீத உறுதிக்கு அதன் கோட்டை மேலே, கோட்டின் நீளத்தைப்போல் 3.5 மடங்கு நீட்ட வேண்டும். 5 என்றால் 1.1 மடங்கு, 10 என்றால் 0.4 மடங்கு, 20 என்றால் 0.17 மடங்கு.

மிளகு 2, 4, 7 அடுக்குகளில் கிடைத்தது என்று வையுங்கள். கோட்டின் நீளம் 5 அடுக்கு, நீட்சி 17-க்கும் மேல். ஆக, ஏழாவது அடுக்கில் அது அழிந்தது என்று சொல்ல நம் கையில் ஆதாரமே இல்லை. புதைபடிவங்கள் அடுக்குகளில் ஒழுங்கில்லாமல், ஆனால் சீராகப் பரவியிருக்கின்றன என்ற அனுமானத்தில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. கடலின் ஆழம் மாறி மணற்கல் சுண்ணாம்புக்கல்லாக மாறும் இடத்தில் இதைப் போட்டால் தப்பான விடைதான் வரும்.

மீண்டும் ஒரு சுற்று, 120 மணிகளோடு

அடுக்குக்கு 40-க்குப் பதில் 120 எடுத்துச் செய்யுங்கள். பத்தாவது அடுக்கில் மிளகு தென்படும் வாய்ப்பு 18-லிருந்து 47 ஆகிவிடும். ஸ்பெயினின் சுமாயா கடற்கரைப் பாறைகளில் பீட்டர் வார்டு என்ற புதைபடிவ ஆய்வாளர் முதலில் தேடியபோது அம்மோனைட்கள் எல்லைக்குப் பல மீட்டர் கீழேயே தீர்ந்துபோனதாகத் தெரிந்தது. தொடர்ந்து தேடியதிலும், பக்கத்துப் பாறைமுகங்களைப் பார்த்ததிலும் எல்லையை ஒட்டியே அவை கிடைத்தன. மாறியது தேடிய உழைப்பு மட்டும்தான்.

அழிவுக்குப் பின்

விருப்பமிருந்தால் 11 முதல் 15 வரை தொடரலாம். உளுந்து, கொள்ளு, துவரை, மிளகு நான்கையும் எடுத்துவிடுங்கள். சோளத்தில் 2 மட்டும் விடுங்கள். 15-ஆவது அடுக்கில் 100 சோளம் சேருங்கள். இடையில் சில அடுக்குகளில் காணாமல் போன சோளம் மறுபடி வரும். 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பெர்மியன் பேரழிவுக்குப் பிறகு பல கடல் நத்தை இனக்குழுக்கள் இப்படித்தான் நெடுங்காலம் தலைமறைவாக இருந்து திரும்பி வந்தன. வெறும் பதிவை வைத்து எண்ணினால் இவையும் இறந்தோர் கணக்கில் ஏறிவிடும்.

நிஜக் கல்லைப் பார்க்க வேண்டுமானால் திருவக்கரை கல்மரப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள மரங்கள் கடலூர் மணற்கல்லில் கிடைத்தவை, சுமார் 2 கோடி ஆண்டு பழையவை, அதாவது அம்மோனைட்களுக்கு வெகு பின்னால் வந்தவை. அங்கே சின்னத் துண்டைக்கூட எடுக்கக் கூடாது. வேறெங்கே படிவம் கண்டாலும் கல்லைப் பெயர்ப்பதற்கு முன், எந்த அடுக்கில், தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது என்று அளந்து படம் எடுத்துவிடுங்கள். அந்த அளவு தொலைந்த படிவத்தை எந்தக் கோட்டிலும் புள்ளியாக வைக்க முடியாது.