மூன்று மாவட்டம் பார்த்த மனை

வெளிநாட்டில் இருக்கிறீர்களா, சென்னையில் அப்பா வாங்கிப்போட்ட மனை இருக்கிறதா? டிக்கெட் போடுவதற்கு முன் பத்திரத்தை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள். படிக்காமல் போய், பதினைந்து நாள் லீவில் ஒன்பது நாளைத் தாலுகா ஆபீஸ் பெஞ்சில் கழித்தவன் நான்.

செம்மஞ்சேரி மனை அது. 1986-இல் அப்பா வாங்கியபோது செங்கல்பட்டு மாவட்டம். 1997-இல் காஞ்சிபுரம். 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக வீங்கியபோது ஊர் அதற்குள் போனது. சென்னை மாவட்டமானது 2018-இல்தான். பத்திரத்தில் ஒரு சர்வே எண், உட்பிரிவுக்குப் பிறகு வேறு எண். "பழைய ஆபீஸ்ல கேளுங்க சார்" என்றார் ஒருவர். பழைய ஆபீஸில், "ஃபைல் எல்லாம் அங்க அனுப்பியாச்சே." ஐந்தாம் நாள், என் பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் இருப்பதைப் பார்த்து, "இது யாரு?" என்றார்கள்.

வில்லங்கச் சான்றும் பட்டாவும் இணையத்திலேயே பார்க்கலாம், அங்கிருந்தே பாருங்கள். பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் கையில் இருக்கட்டும். உங்கள் சார்பில் இன்னொருவர் செயல்பட வெளிநாட்டில் பவர் பத்திரம் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்குங்கள்; அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

அப்புறம், ஓஎம்ஆர் நெடுக மெட்ரோ வேலை, சீக்கிரமே கிளம்புங்கள். திருச்சி, மதுரை பஸ் பிடிக்கக் கோயம்பேட்டுக்குப் போய் நிற்காதீர்கள். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தாயிற்று.

பவர் யாருக்கு என்பதில்தான் வம்பு. சித்தப்பா பாதி மனை கேட்டார். "உங்கப்பன் போனப்புறம் யாருடா பாத்துக்கிட்டது?" பத்திரத்தில் அவர் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

மறுநாள் இருவரும் மனைக்குப் போனோம். டைடல் பார்க் வருவதற்கு முன்பெல்லாம், "அங்க போய் எவன் குடியிருப்பான்" என்று சொந்தக்காரர்கள் சிரித்த இடம். இப்போது மூன்று பக்கமும் மண் கொட்டி உயர்த்திய அடுக்குமாடிகள். நடுவில் எங்கள் மனை மட்டும் பள்ளமாக, கோரைப்புல்லும் தண்ணீருமாக. மனை பார்க்க மழைக்காலத்தில் போங்கள், நிலவரம் அப்போதுதான் தெரியும். நாலு மூலையிலும் கல் இருந்தது. அப்பாவின் இனிஷியல் மேல் சிவப்புப் பெயிண்ட், புதுசு.

"வருஷா வருஷம் அடிப்பேன். இல்லன்னா கல்லப் புடுங்கிருவாங்க," என்று சித்தப்பா செருப்புச் சேற்றைக் கல்லோரம் தேய்த்தார்.

பவர் இன்னும் எழுதவில்லை.