பழைய லாரி இழுக்கவில்லையா? பம்பை இறக்கும் முன் இவற்றைப் பாருங்கள்

"கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ஏற்றத்தில் வண்டி இழுக்கவே இல்லை, பம்பை இறக்கிவிடுங்கள்" என்று சொல்லிக்கொண்டேதான் பெங்களூர் யஷ்வந்த்பூரில் உள்ள எங்கள் பட்டறைக்குள் பலரும் நுழைகிறார்கள். எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பைத்தான் சொல்கிறார்கள். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து ஓட்டுநர்கள் மார்க்கெட்டில் வெங்காயத்தை இறக்கிய கையோடு வருவார்கள். அடுத்த லோடு காத்திருக்கும். அவசரம் புரிகிறது. ஆனாலும் நான் முதலில் திறப்பது டேங்க் மூடியைத்தான். பழைய டீசல் வண்டியில் கோளாறு பெரும்பாலும் டேங்க்குக்கும், அதிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்புக்கும் நடுவில்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் பம்புக்குச் செலவழிப்பது வீண்.

மூடியில் காற்று புக ஒரு சிறு துளை உண்டு. மண் அடைத்துக்கொண்டால் டீசல் குறையக் குறைய டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகும். மூடியைத் திருகும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் காரணம் தெரிந்துவிட்டது. அடுத்து, டேங்க்குக்குள் இருக்கும் சல்லடை. பிறகு பில்டர்கள். பில்டரை மாற்றும்போது பழையதில் இருக்கும் டீசலைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிச் சற்று நேரம் விடுங்கள். அடியில் தனியாக நின்றால் அது தண்ணீர். டேங்க்கையே கழுவியாக வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, ஒருமுறை ஓடிவிட்டால் ஒழுங்காக ஓடுகிற வண்டியா? ஏர் எடுக்கிறதா என்று பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எங்கும் டீசல் ஒழுகவில்லையே என்பார்கள். ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள குழாயில் நடப்பது உறிஞ்சல். ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஃபீட் பம்புக்குள் போகும் இடத்தில் டீசல் தாங்கும் ஒளி ஊடுருவும் குழாயைத் தற்காலிகமாக மாட்டி எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழிகள் ஓடினால் கண்ணுக்கே தெரியும். பிறகு அந்தக் குழாயை டேங்க்கிலிருந்து வரும் லைனிலிருந்து பிரித்து, சுத்தமான டீசல் உள்ள கேனில் போட்டு ஓட்டிப் பாருங்கள். குமிழியும் திணறலும் நின்றால், குற்றம் டேங்க்குக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவில். நிற்காவிட்டால் ஃபீட் பம்பைச் சுற்றிய இணைப்புகளையும் கை பம்பின் குமிழையும் பாருங்கள். செம்பு வாஷரை ஒருமுறை கழற்றினால் புதிது போடுங்கள். அதில் கஞ்சத்தனம் கூடாது.

உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கும் ஒரு வரிசை உண்டு. பில்டர் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, கை பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும், அடுத்து குமிழி கலந்த டீசல், பிறகு முறியாத ஒரே ஓட்டமாகத் தெளிந்த டீசல். அப்போது அடிப்பதை நிறுத்தாமலே திருகை இறுக்குங்கள். பிறகு இன்ஜெக்ஷன் பம்பில் அதே வேலை. கடைசியில் கை பம்பின் குமிழை மறக்காமல் திருகி மூடுங்கள். திறந்து கிடந்தால் அதுவே காற்றை இழுக்கும்.

புகையும் பேசும். கரும்புகை என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைச் சந்தேகிப்பதற்கு முன் ஏர் பில்டரைத் தட்டிப் பாருங்கள். மார்கழிக் குளிரில் பெங்களூரில் சற்று நேரம் வெண்புகை வருவது இயல்பு. சூடேறிய பிறகும் நின்றபாடில்லை என்றால் டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்), நாசில், கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுந்துவது) மூன்றையும் பார்க்க வேண்டும். நீலப்புகைக்கும் டீசலுக்கும் சம்பந்தமில்லை. அது எஞ்சின் ஆயில் எரிவது.

ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லையா? ஐடிலில் ஓடவிட்டு, நாசில் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாக, துணி சுற்றி, அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியதும் எஞ்சின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. தடுமாறவில்லை என்றால் அதுதான் நோயாளி. அந்த நாசிலை வேறு சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் நாசில், போகாவிட்டால் கம்ப்ரஷனைப் பாருங்கள். இதைச் செய்யும்போது பீய்ச்சும் டீசலுக்கு முன்னால் கையை நீட்டவே கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். காயம் எறும்புக்கடி போல் தெரியும், ஆனால் விரலையே இழக்க நேரிடும். பட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இத்தனையும் சரி, மிஞ்சிய டீசலை டேங்க்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் வால்வு ஸ்பிரிங்கும் தளரவில்லை என்றால் மட்டுமே பம்ப் கடை. 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் 2008இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டும், பழைய ஆட்கள் இன்னமும் மைக்கோ பம்ப் என்றே சொல்லும் அந்த இன்லைன் பம்ப், சுத்தமான டீசல் கிடைத்தால் நெடுங்காலம் உழைக்கும். இறக்குவதற்கு முன் பம்ப் விளிம்பிலும் எஞ்சின் பக்கத்திலும் சேர்ந்தாற்போல் ஓர் உளிக்கோடு போடுங்கள். நாசில்களை எந்தச் சிலிண்டரிலிருந்து கழற்றினீர்கள் என்று எண் எழுதிக் கொடுங்கள். கேலிப்ரேஷன் (பம்ப் தரும் டீசல் அளவைச் சரிசெய்வது) முடிந்து வந்ததும், எவ்வளவு டீசல் வைத்திருக்கிறார்கள் என்ற அளவுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.