அழுகிப்போன ஹோயாத் தண்டுகள்

வெள்ளவத்தை மாடிவீட்டு பல்கனிக்கு ஒரு ஹோயா (மெழுகுபோன்ற பூக்கொத்து விடும் கொடி) வேண்டுமென்று மாமி வீட்டுக் கொடியில் தண்டு வெட்டிவந்தேன். நேரே ஈர மண்ணில் குத்தினேன்; பத்து நாளில் அடி கறுத்து அழுகியது. அடுத்தமுறை போத்தல் தண்ணீரில் வைத்து, மாற்ற மறந்து, அதுவும் போச்சு.

ஹோயாவும் எருக்கலையும் ஒரே குடும்பம், வெட்டினால் பால் வடியும். காயம் ஆறமுன் ஈரத்தில் வைத்ததுதான் என் பிழை. கொழும்பு வெக்கையில் அழுகல் பரவக் கேட்கவா வேண்டும்!

மூன்றாம் முறை 2 கணு உள்ள தண்டாக எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளி, பாலைக் கழுவி, ஒருநாள் நிழலில் உலர்த்தினேன். அடியில் துளையிட்ட யோகட் கப்பில் கழுவிய தும்புத்தூளும் பேர்லைட்டும் (நீர் தேங்காமலிருக்கக் கலக்கும் இலேசான வெள்ளைக் கல்துகள்) சரிபாதி. ஒரு கணு உள்ளே புதைய நட்டு, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தேன். மேல்பக்கம் காய்ந்தால் மட்டும் தண்ணீர். நாலாம் கிழமை மெல்ல இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. வேர் பிடித்துவிட்டது.

அப்புறம், ஹோயாவின் இதய வடிவ ஒற்றை இலையைச் சட்டியில் வைத்து விற்பார்களே, அதில் கணு இல்லாவிட்டால் வேர் விட்டாலும் கொடி வராது. என்னுடையது 2 வருஷமாக அப்படியே நிற்கிறது.