இரவில் ஒருவர் போதாது: முதியோர் இல்லம் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தொடங்கிய ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி அண்மையில் அழைத்திருந்தார்கள். வழுக்காத தரை, கழிப்பறையில் கைப்பிடி, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் எல்லாம் குறையில்லாமல் இருந்தன. பணிப்பட்டியலைக் கேட்டு வாங்கினேன். பகலில் 5 பேர், இரவில் ஒருவர். 18 ஆண்டுகளுக்கு முன் எங்கள் இல்லத்துக்கு நான் எழுதிய அதே பட்டியல். தரையையும் கைப்பிடியையும் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் வேறு சிலவற்றைச் சொல்கிறேன்.

இரவுக்கு ஒரே ஆள்

“ராத்திரி எல்லோரும் தூங்கத்தானே போகிறார்கள்?” என்றார் நிர்வாகி. நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் இரவில் மூன்று முறை எழுவார். தூக்க மாத்திரை போட்டவர் எழும்போதே தள்ளாடுவார். மறதிநோய் உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாய்ந்த பிறகுதான் பதற்றமே கூடும். நள்ளிரவில் ஊருக்குக் கிளம்புவதாகப் பையைத் தேடுவார்கள்.

எங்கள் இல்லத்தில் அப்போது 24 பேர். அதில் 9 பேர் படுத்த படுக்கை. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்களைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். புரட்டி, டயப்பர் மாற்றி, துடைத்து, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுக்க ஒருவருக்கு 10 நிமிடம். 9 பேருக்கு 90 நிமிடம். மீதமுள்ள அரை மணி நேரம்தான் மற்ற 15 பேருக்கும். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது அந்த அம்மா விழுந்த பிறகு.

அவருக்கு 82 வயது. அதிகாலை 3 மணிக்குக் கழிப்பறைக்குப் போக மணியை அடித்திருக்கிறார். ஆயா மறுகோடி அறையில் ஒருவரை ஒருக்களித்துப் பிடித்திருந்தார். கையை விட்டால் அவர் கட்டிலிலிருந்து சரிந்துவிடுவார். காத்திருந்து பார்த்துவிட்டு அந்த அம்மா தானே எழுந்திருக்கிறார். நாலரை மணிக்குத்தான் ஆயா அவரைக் கண்டார். வளாகத்திலேயே குடியிருந்த நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வலது கால் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக் கிடந்தது. இடுப்பு முறிந்திருக்கிறது என்று பார்த்ததுமே புரிந்தது. ஈரச் சேலை தரையோடு ஒட்டிச் சில்லிட்டிருந்தது. “கூப்பிட்டேனே அம்மா” என்று மட்டும் சொன்னார். அதன்பின் அவர் நடக்கவேயில்லை. நான் ஆயாவைத் திட்டினேன். பட்டியல் எழுதியவள் நான். திட்டு வாங்கியவர் அவர். இன்றும் அது என்னை அறுக்கிறது.

படுக்கைகளை எண்ணி ஆள் போடாதீர்கள். தானாக நடப்பவர் எத்தனை, ஒருவர் துணை வேண்டியவர் எத்தனை, இருவர் சேர்ந்து தூக்க வேண்டியவர் எத்தனை என்று பிரித்து எண்ணுங்கள். மாதந்தோறும் மறுபடி எண்ணுங்கள். நடந்து வந்து சேர்ந்தவர் ஆறு மாதத்தில் படுத்துவிடலாம். எவ்வளவு சிறிய இல்லமானாலும் இரவில் விழித்திருக்கும் பராமரிப்பாளர் இருவர் வேண்டும். வாட்ச்மேனை அதில் சேர்க்காதீர்கள். பகல் ஷிப்ட் முடித்தவரையே இரவுக்கும் நிறுத்தாதீர்கள்.

விழுந்துவிடுவார் என்று கட்டிலோடு கட்டுவது

கூடவே கூடாது.

பூட்டிய கிரில் கதவு

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. பூட்டிய கதவும் அந்தச் சங்கிலி செய்ததைத்தான் செய்யும். நான் பார்த்த புதிய இல்லத்தில் கிரில் சாவி வாட்ச்மேன் அறையில் ஆணியில் தொங்கியது. தீயணைப்பானின் ஊசியைப் பிடுங்க வேண்டும் என்பது இரவு ஆயாவுக்குத் தெரியவில்லை. சாவி அவர் இடுப்பில் இருக்க வேண்டும். படுத்த படுக்கையானவர்கள் தரைத்தளத்தில் இருக்க வேண்டும். மெத்தையோடு சேர்த்து இழுத்து வெளியே கொண்டுவருவதை, விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறையாவது பழகிப் பாருங்கள்.

ஷிப்ட் மாறும்போது வாய்மொழியாகப் பொறுப்பை ஒப்படைப்பது

எழுதி, ஒப்படைப்பவர், ஏற்பவர் இருவரும் கையெழுத்திடுங்கள்.

சம்பளத்தில் மிச்சம் பிடிப்பது

“இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்க நான் எங்கே போவேன்?” என்று கேட்டார் நிர்வாகி. அப்படியானால் படுத்த படுக்கையானவர்களைச் சேர்க்காதீர்கள் என்றேன். ஏற்கெனவே 4 பேரைச் சேர்த்திருந்தார். அன்று மாலையே அவரோடு உட்கார்ந்து அந்த வாரத்துப் பட்டியலைத் திருத்தினோம். பகலில் இருந்த ஐவரில் ஒருவர் இரவுக்கு மாறினார்.